ஹப்பு திருப்ப ஒரு ஆள்

சாம்சன் அந்த மனிதரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் மற்ற எல்லோருக்கும் வீரராகவன் 'ஐயா'. சாம்சனின் அப்பாவும் ஐயா என்றுதான் கூப்பிட்டார், அதுவும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு. சாம்சனுக்கு 'சார்' கிடைத்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இருபதாவது வயதில், ஒரு இரும்புக் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தபோது. அங்கே சூப்பர்வைசரும் சார், ஜி.எம்.மும் சார், சம்பளத்தன்று கையெழுத்து வாங்குகிற கிளார்க்கும் சார். யாரைக் கூப்பிட்டாலும் முதுகு வளையாத ஒரு சொல். அதைப் பத்திரமாக ஊருக்குள் எடுத்து வந்து முதல் தடவை வீரராகவனிடம் சொன்னபோது, அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். அன்று ராத்திரிச் சோறு சாம்சனுக்கு ருசியாக இறங்கியது.

இன்னொரு தீர்மானமும் அவருக்கு இருந்தது. வீரராகவன் குடும்பத்து நிலத்தில் கால் வைப்பதில்லை. சபதம் என்றெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அப்பா நாற்பது வருஷம் அந்தச் சேற்றில் நின்று, கால் விரல் இடுக்கில் புண் ஆறாமலே செத்தவர். ஒரு குடும்பத்துக்கு அது போதும் என்று சாம்சன் நினைத்தார், அவ்வளவுதான். ஏரிக்கு அந்தப் பக்கம் பதினாறு ஏக்கர். அதன் வரப்பு ஓரமாகச் சுடுகாட்டுக்குப் போகிற குறுக்குவழி இருந்தும், அவர் சுற்றித்தான் போவார்.

கம்பெனியில் இருபத்துநாலு வருஷம். ஹெல்பராகப் போனவர் ஃபிட்டர் ஆனார். மில்லில் எந்த பேரிங் கத்தினாலும் சத்தத்தை வைத்தே எது என்று சொல்லிவிடுவார். பிறகு கொரோனா வந்தது, ஆர்டர் இல்லை என்றார்கள், ஒரு யூனிட்டை மூடினார்கள், நாற்பத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிடைத்த தொகையில் எளாவூர் போகிற சர்வீஸ் ரோட்டில் தகரக் கொட்டகை ஒன்று போட்டார் சாம்சன். செக்போஸ்ட்டில் வரிசை கட்டுகிற லாரிகள் அப்போது அந்த ஓரத்தில்தான் நிற்கும். முதல் வருஷம் வேலை கைநிறைய இருந்தது. அப்புறம் ரோட்டை உயர்த்தினார்கள், லாரிகள் மேலேயே போகத் தொடங்கின. கொட்டகைக்கு வண்டி வருவது வாரத்துக்கு ரெண்டு மூன்று என்று ஆயிற்று.

அப்படிப்பட்ட ஒரு சித்திரை மாதத்தில்தான் வீரராகவன் தன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகை முன்னால் நிறுத்தினார். சென்னையில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய ஃபோர் வீல் வண்டி. ஏரிக்கரை முனையில் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அவர் நிலத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் வெறும் களிமண். ஐப்பசி மழையில் அதில் டிராக்டரைத் தவிர எதுவும் போகாது. டிராக்டரில் போய் வருவது வீரராகவனுக்குப் பிடிக்கவில்லை, அதற்காகத்தான் ஜீப்பு. ஆனால் போன மழையில் அந்த ஜீப்பும் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. சென்னையில் ரெண்டு தடவை காட்டியும் சரியாகவில்லை.

சாம்சன் முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே எதுவோ பிடிக்கப் பார்த்துப் பிடிக்காமல் நழுவிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பு ஒரு பூட்டு மாதிரி. அது பூட்டிக்கொண்டால்தான் எஞ்சினின் இழுவை முன்சக்கரத்துக்குப் போகும். இந்த வண்டியில் இருந்தது ஆட்டோமேட்டிக் வகை. உள்ளே உட்கார்ந்தபடி லீவரைப் போட்டால் தானாகவே பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது சேறும் கிரீஸும் கலந்து பழைய புளி மாதிரி இறுகிப் போயிருந்தது. பற்கள் மழுங்கியிருந்தன.

மறுபடி இதையே வாங்கிப் போட்டால் மறுபடி இதே கதைதான் என்றார் சாம்சன். எடுத்துப் போட்டுவிட்டு மேனுவல் ஹப்பு மாட்டிவிடலாம். அதில் என்ன வித்தியாசம் என்று கேட்டார் வீரராகவன்.

"தானா ஒன்னும் நடக்காது சார். எறங்கிப் போயி ரெண்டு பக்கமும் கையால திருப்பணும். ஆனா ஒரு தபா திருப்பிட்டா உடவே உடாது."

"திருப்பிட்டாப் போச்சு" என்றார் வீரராகவன்.

அந்த வேலை சாம்சனுக்குப் பிடித்திருந்தது. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் அரை நாள் அலைந்து, அந்த அச்சுக்குப் பொருந்துகிற ஒரு செட்டைத் தேடிப் பிடித்தார். மாட்டும்போதுதான், பழைய ஹப்புக்குப் பின்னால் பேரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த நட்டு இதற்கு ஆகாது என்று தெரிந்தது. கிடைக்கிற எதையாவது போட்டு இறுக்கிவிடுகிற ஆள் இல்லை அவர். கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று, அளவு சொல்லி, ரெண்டு ஜோடி நட்டு கடைந்து வாங்கினார். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தார். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, டயரின் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடி முதலிலிருந்து செய்தார். மூன்று தடவை. அதிகம் இறுக்கினால் பேரிங் சுட்டுப்போகும், தளர விட்டால் சக்கரம் ஆடும். அந்த நடு இடம் கைக்குத்தான் தெரியும். கடைசியில் வட்டத் திருகு மேலே வந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் 'ஃப்ரீ', ஒரு பக்கம் 'லாக்'. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, திருகோடு சேர்ந்து திரும்புகிற 'லாக்' எழுத்தின் மேல் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தார்.

ஏரியில் இன்னும் ஈரம் காயாத ஒரு பள்ளத்தில் இறக்கிப் பார்த்தார்கள். ஜீப்பு முக்காமல் முனகாமல் ஏறி வந்தது. வீரராகவன் சிரித்தார். உன் கை கைதான்டா சாம்சா என்றார். சாம்சன் அந்த 'டா'வைக் கண்டுகொள்ளவில்லை. வேலை நன்றாக வந்த நாளில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் போன் வந்தது. நீ போட்ட ஹப்பு வேலை செய்யவில்லை, வண்டி களிமண்ணில் மாட்டிக்கொண்டது என்றார் வீரராகவன். சாம்சன் பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை முனைக்குப் போய், அங்கிருந்து நடந்தார். தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் பொட்டு எங்கே இருக்கக்கூடாதோ அங்கே இருந்தது. ரெண்டு ஹப்பும் ஃப்ரீயில். வீரராகவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரமாக அப்படியே. வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

சாம்சன் முழங்கால் சேற்றில் இறங்கி, ரெண்டு பக்கமும் திருப்பினார். வண்டி ஏறிப் போயிற்று.

அன்று சாயங்காலமே கொட்டகைக்கு வந்துவிட்டார் வீரராகவன். சாம்சன் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். மழைக்காலம் முழுக்கப் பூட்டியே விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது. வீரராகவன் தினமும் தார் ரோட்டில் திருவள்ளூர் வரை போய் வருகிறவர். டீசல் குடிக்கும், ஸ்டியரிங் கனக்கும் என்றார். அப்படியென்றால் தார் ரோடு முடிகிற இடத்தில், காய்ந்த தரையிலேயே இறங்கித் திருப்பிக்கொள்ளுங்கள் என்றார் சாம்சன். ஒரு நிமிஷ வேலை. சேறே படாது. ஏரிக்கரை முனையில் ஒரு டீக்கடை உண்டு, கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றுவதும் அங்கேதான். வீரராகவன் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார்.

"நாலு பேரு பாக்கற எடத்துல நான் டயராண்ட குந்திக்கினு இருக்கறதா? இன்னா சாம்சா நீ."

அப்போதுதான் சாம்சனுக்குப் புரிந்தது. சேறு ஒரு சாக்கு. அவரால் முடியாதது குந்துவது.

அவரிடம் ஒரு யோசனையும் இருந்தது. காலையிலும் சாயங்காலமும் சாம்சன் கூட வந்தால் போதும், மாதச் சம்பளம் தருகிறேன், தை வரைக்கும்தான் என்றார். தொகையையும் சொன்னார். கொட்டகை மூன்று மாதமாகச் சம்பாதித்ததைவிட அது அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சாம்சன்.

வீட்டில் மனைவி ஞானம்மாவிடம் சொன்னார். அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். மகள் மோனிகா டிப்ளமோ முடித்துவிட்டு சிப்காட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஊட்டு ஆளுக்கு ஆளா நான் போறதா என்று சாம்சன் முணுமுணுத்தபோது ஞானம்மா கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை.

"கம்பெனில மிஷினு அடியில படுத்துக்கினு கெடந்தியே, அது யாரு ஊட்டு மிஷினு? உன் ஊட்டுதா?"

அது வேறு, இது வேறு என்று சொல்ல சாம்சன் வாயெடுத்தார். எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் போனார்.

ஆக, இப்படி ஆயிற்று. காலை ஏழேகாலுக்கு வீரராகவன் ஓட்டிக்கொண்டு வருவார். சாம்சன் பின்சீட்டில். ஏரிக்கரை முனையில் வண்டி நிற்கும். சாம்சன் இறங்கி, இடது சக்கரத்தின் முன்னால் குந்தித் திருப்பி, எழுந்து வண்டியின் மூக்கைச் சுற்றிப்போய், வலது பக்கம் குந்தித் திருப்புவார். வீரராகவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே வேலை, திருகு மட்டும் எதிர்ப்பக்கம். முதல் வாரம் 'சாம்சா, திருப்பிடு' என்று சொன்னார். ரெண்டாவது வாரம் அந்தப் பேச்சும் தேவைப்படவில்லை. ஹாரனை ஒரு தடவை அடித்தால் பூட்டு, ரெண்டு தடவை அடித்தால் திற. யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. தானாக வந்துவிட்டது.

நிலத்துக்குப் போனபின் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? இந்த யூரியா மூட்டையை அங்கே கொண்டு போய்ப் போடு என்பார். மோட்டார் கொட்டாயில் என்ன சத்தம் பார் என்பார். தூறினால் குடையைப் பிடிக்கச் சொல்வார். எதையும் அதட்டிச் சொல்வதில்லை, அதுதான் பெரிய பேஜாரு. அதட்டினால் கோபப்படலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுற்றிப் போன வரப்பில் சாம்சன் இப்போது தினம் நடந்தார். நடவு நடுகிற பெண்களில் சிலர் சாம்சனின் காலனிக்காரர்கள், அப்பாவின் பெயரைச் சொல்லி, அவரு புள்ள வந்துட்டாரு என்றார்கள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பும்போது பின்பக்கம் வாய்க்காலை நோக்கிச் சறுக்கியது. கல் எடுத்து வைக்கக் கீழே இறங்கியிருந்தார் சாம்சன். வீரராகவன் பயந்துபோய் ஹாரனை விடாமல் அடித்தார். மழைச் சத்தத்தில், ஓடுகிற ஓட்டத்தில், சாம்சனின் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதோ வந்துட்டேன் ஐயா."

கல்லை வைத்தார், வண்டி நின்றது. வீரராகவன் அந்தச் சொல்லைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாம்சன்தான் மழையில் நின்றபடி அதைக் கேட்டார். அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது, அந்த இழுப்பு உட்பட. மறுநாளிலிருந்து எதுவும் கூப்பிடாமலே பேச முயன்றார். சாரும் வரவில்லை, ஐயாவும் வரவில்லை. வாக்கியங்கள் மொட்டையாக விழுந்தன.

மோனிகாவுக்கு அதுவரை ரெண்டாவது ஷிஃப்ட். மார்கழி பிறந்ததும் முதல் ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள். வேன் ஏரிக்கரை முனையில் ஏழரைக்கு வரும். சாம்சன் அதை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வலது சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தபோது, டீக்கடைப் பக்கம் நீலச் சட்டை போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் நிற்பதைப் பார்த்தார். நடுவில் மோனிகா. திருகில் ஈரமண் அடைத்துக்கொண்டு திரும்ப மறுத்தது. ஹாரன் ஒரு தடவை அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. சாம்சன் சட்டை நுனியால் துடைத்துத் திருப்பினார். அவர் எழுந்தபோது மோனிகா ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேன் வருகிறதா என்று.

சாயங்காலம் அவள் வந்ததும் கையைக்கூடக் கழுவவில்லை. ஞானம்மா இல்லாத நேரம். எதிரில் வந்து நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவள் அப்படித்தான், எதையும் மூடி வைக்கத் தெரியாது.

"நைனா, எங்கூட வேன்ல வர்ற ரம்யா கேட்டா, அது உங்கப்பாவான்னு. இல்லன்னு சொல்ட்டேன்."

சாம்சன் தலையை ஆட்டினார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்திருக்கலாம், திட்டினால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் ஏதாவது பேசியிருப்பார்கள். அவர் திட்டவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை சாம்சன் போனார், ஆனால் வண்டியில் ஏறவில்லை. வீரராகவன் வீட்டு வாசலிலேயே ரெண்டு ஹப்பையும் பூட்டிவிட்டு, தை வரைக்கும் இப்படியே ஓட்டுங்கள், நான் இனி வரவில்லை என்றார். சம்பளம் போதவில்லையா என்று கேட்டார் வீரராகவன். இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அதுவும் இல்லை. பிறகு என்னதான் என்று கேட்டபோது, சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததை சாம்சன் சொல்லிவிட்டார்.

"எம்பொண்ணு அந்த ஸ்டாப்புலதான் நிக்குது சார்."

வீரராகவன் அவரையே பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"நிக்கட்டுமே" என்றார்.

சாம்சன் வீட்டுக்கு நடந்தார்.

வீரராகவன் சண்டைக்கு வரவில்லை. வேறு ஆள் தேடிப் பார்த்தார். காலனியில் இப்போது எல்லோரும் கம்பெனிக்குப் போகிறவர்கள், யாரும் அகப்படவில்லை. பொங்கல் முடிந்ததும் ஜீப்பைச் சென்னைக்குக் கொண்டுபோய், மேனுவலைக் கழற்றிவிட்டுப் புது ஆட்டோமேட்டிக் ஹப்பே போட்டுக்கொண்டு வந்தார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. குந்த முடியவில்லை என்று சொல்வாரா? சாம்சன் போட்டது லோக்கல் வேலை, பேரிங்கைத் தின்றுவிட்டது, நல்ல வேளை சக்கரம் கழன்று ஓடவில்லை என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. வாய்க்கு வந்தது அது. ஆனால் வீரராகவன் சொன்னால் ஊர் நம்பும். கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த ரெண்டு மூன்று வண்டிகளும் நின்றன. செங்கல் சூளைக்காரர் ஒருவர் டிரைலரைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போனார்.

கழற்றிய ஹப்பை ஒரு சாக்கில் போட்டு டிராக்டர் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார் வீரராகவன். சாம்சன் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அதைப் பிரித்தார். கூடவே அவர் கடைந்து வாங்கிய நட்டுகளும், பழைய பேரிங்குகளும் கிடந்தன. கெரசின் விட்டுக் கழுவினார். பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றியது. உருளைகளில் ஒரு கீறல் இல்லை. உள்ளே துரு இல்லை, சொட்டுத் தண்ணீர்கூடப் போயிருக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் ஓடிய ஹப்பு. அதை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? செங்கல் சூளைக்காரரிடமா? அவர் என்ன சொல்வார் என்று சாம்சனுக்குத் தெரியும். அதான் கழுவிட்டியே என்பார்.

மாசியில் கான்ட்ராக்ட் ஆளாக வேறொரு கம்பெனிக்குப் போனார். இருபத்துநாலு வருஷ அனுபவத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கான்ட்ராக்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஹெல்பர் என்று அட்டை அடித்துக் கொடுத்தான். இருபது வயதில் எந்த வேலையோ, அதே வேலை. மோனிகா இப்போது ஏரிக்கரை முனையில் ஏறுவதில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறாள். சாம்சன் அந்த வேலையை விட்டு எத்தனையோ நாள் ஆகியும் அப்படித்தான். ஏன் என்று அவர் கேட்டதில்லை. இருவரும் சாப்பாடு, ஷிஃப்ட், கரென்ட் என்று பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் ரெண்டு பேருக்குமே பயம்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து அன்புசெல்வன் என்று ஒரு ஆள் தேடிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மாந்தோப்பு வைத்திருக்கிறார், அதே மாதிரி ஜீப்பு, அதே தொல்லை. புதுப்பேட்டையில் ஹப்பு விற்ற கடைக்காரர்தான் சாம்சனின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கூட அவர் மனைவி பூமிகா, மடியில் குழந்தை. ஊருக்குள் யாரையும் விசாரிக்காமல் நேராக வந்ததால் எதுவும் காதில் விழவில்லை.

சாக்கில் இருந்த செட்டையே மாட்டினார் சாம்சன். மாலை நாலு மணிக்கு முடிந்தது. எப்படித் திருப்புவது என்று காட்டக் கையை நீட்டுவதற்குள், "நான் செய்யறேண்ணே, நீங்க சொல்லுங்க" என்று அன்புசெல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் குந்திவிட்டார். திருப்பினார். சரியா என்று கேட்டார். மறுபடி திருப்பினார். வண்டியைச் சுற்றிப் போய் அந்தப் பக்கமும் செய்து பார்த்தார். ரோட்டில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் நின்று பார்க்கவில்லை. நானும் கத்துக்கறேன், அவசரத்துக்கு ஆவும் என்று பூமிகா குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்து, ஒரு கையாலேயே திருப்பினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். குழந்தை அந்த மஞ்சள் பொட்டைத் தொடக் கையை நீட்டியது.

சாம்சன் கொட்டகை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் வந்தது ஆத்திரம். இந்த மூன்று பேர்மேல் இல்லை. வீரராகவன்மேல்கூட முழுசாக இல்லை. இவ்வளவுதான் வேலை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி அரை நிமிஷத்தில், ஒற்றைக் கையால் செய்துவிடுகிற வேலை. அதைச் செய்ய ஒருத்தர் குனிய மறுத்தார், அவருக்காக இன்னொருத்தர் குனிந்தார். அதற்கு விலையாக வீட்டில் ஒரு பேச்சு போயிற்று, திரும்பி வரவில்லை.

"இன்னாண்ணே, ஏதாச்சும் தப்பா செஞ்சிட்டமா?" என்றார் அன்புசெல்வன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

இல்லை, சரியாகத்தான் செய்கிறீர்கள் என்றார் சாம்சன். கூலியை வாங்கிக்கொண்டார். மழைக்கு முன்னால் ஒரு தடவை கிரீஸ் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜீப்பு சர்வீஸ் ரோட்டில் ஏறித் திரும்பி மறைந்ததும், ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொட்டகையைப் பூட்டினார். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். ஹெல்பர்கள் கால் மணி நேரம் முன்னாலேயே கேட்டில் வரிசையில் நிற்க வேண்டும்.